அன்பால் அழிந்த பாறைக்குட்டைகள்

ஓதம் வடிந்தபின் கடற்கரைப் பாறைகளின் குழிகளில் சிறிது நீர் தேங்கி நிற்கும். அந்தக் குட்டைகளைக் குனிந்து பார்க்க ஆங்கிலேயருக்குக் கற்றுத்தந்தவர்களுள் முதன்மையானவர் பிலிப் ஹென்றி காஸ் (1810–1888). உடல்நலம் தேடி 1852-இல் டெவன் கடற்கரைக்குச் சென்றவர், அங்குக் கண்டவற்றை மறு ஆண்டே நூலாக்கினார். 1854-இல் வெளிவந்த அவருடைய ‘தி அக்வேரியம்’, கடலுயிர்களை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் முறையைச் சொன்னது.

காலமும் அதற்குக் கனிந்திருந்தது. கண்ணாடி மீதான வரி 1845-இல் நீக்கப்பட்டிருந்தது; ரயில் பாதைகள் பல கடற்கரை ஊர்களை எட்டியிருந்தன. வாளியும் சுத்தியலும் உளியுமாக மக்கள் பாறைகளை நோக்கிப் புறப்பட்டனர். நீர் வடிந்தால் கைகளை உள்ளிழுத்துச் செந்நிறக் கூழுருண்டையாகச் சுருங்கும் கடற்சாமந்தி, பாறையோடு பெயர்த்தெடுக்கப்பட்டது. அது எத்தகைய உயிர் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஸ்காட்லாந்தில் ஜான் டேல்யெல் 1828-இல் எடுத்து வளர்த்த ஒரு கடற்சாமந்தி, அவர் மறைந்த பின்னும் பிறர் பராமரிப்பில் 1887 வரை வாழ்ந்தது. ‘பாட்டி’ என்றே அதை அழைத்தார்கள். அத்தகைய நெடுவாழ்வினதான உயிர்களோ, பராமரிக்கத் தெரியாத வீடுகளின் தொட்டிகளில் சில நாட்களிலேயே மடிந்தன.

காஸின் மகன் எட்மண்ட், 1907-இல் வெளியிட்ட ‘ஃபாதர் அண்ட் சன்’ நூலில் இதைத் துயரத்தோடு பதிவு செய்கிறார். சிறுவயதில் தந்தையுடன் தாம் கண்ட குட்டைகளை இனி எவரும் காணப்போவதில்லை என்கிறார். தம் நூல்களே அந்த அழிவுக்கு வழிவகுத்தன என்பதைத் தந்தை வாழ்நாளிலேயே உணர்ந்து வருந்தினார் என்றும் எழுதுகிறார். தந்தையும் மகனும் சமயத்தில் முரண்பட்டதைப் பேசும் அந்நூலில், இருவரும் ஒன்றாய் நிற்கும் இடங்களுள் இந்தக் குட்டைக்கரையும் ஒன்று.

இன்று பிரிட்டிஷ் கடற்கரைகளில் சிறுவர்களுக்குச் சொல்லப்படும் விதிகள் எளியவை. ஓத நேரம் அறிந்து செல்க, நீர் ஏறுமுன் திரும்புக, வழுக்கும் பாசியில் கவனமாய்க் கால் வைக்க, புரட்டிய கல்லை மெல்ல இருந்தபடியே வைக்க, ஒட்டியிருப்பதைப் பெயர்க்காதே, பார்த்த உயிரைப் பார்த்த இடத்திலேயே விடு. முதல் மூன்றும் நம்மைக் காப்பவை. பின் மூன்றும் காஸின் தலைமுறை மிகத் தாமதமாகக் கற்ற பாடம். பெயரறிந்து நேசிப்பது நல்லதுதான். உளியைக் கீழே வைத்துவிட்டு நேசிக்க வேண்டும்.