தமிழ் விவிலியத்தில் ‘இரட்சணியக் கொம்பு’: இறைவல்லமைக் குறியீடும் மொழிபெயர்ப்பும்

விவிலியம் இறைவனின் வல்லமையைக் கன்மலை, கோட்டை, கேடகம், கொம்பு முதலிய காட்சிப் பொருள்களால் உணர்த்துகிறது. இவற்றுள் கொம்பு என்னும் குறியீடு தமிழில் அடைந்த மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

எபிரேயத்தில் ‘கெரென்’ என்னும் சொல் விலங்கின் கொம்பையும் வலிமையையும் ஒருங்கே குறிக்கும். கால்நடை வளர்த்த சமூகத்தில் காளையின் ஆற்றல் அதன் கொம்பில் வெளிப்பட்டமையே இதற்கு அடிப்படை எனலாம். உபாகமம் 33:17, யோசேப்பின் வலிமையைக் காட்டெருதின் கொம்புகளோடு ஒப்பிடுகிறது.

சென்னை வேப்பேரியில் பணியாற்றிய பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டு, ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கிய திருப்புதல் 1871-இல் நிறைவுற்றது. அது சங்கீதம் 18:2, லூக்கா 1:69 ஆகிய இரண்டிடத்தும் ‘இரட்சணியக் கொம்பு’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியமோ அவ்விடங்களில் கொம்பை விடுத்து ‘வல்லமை’ என்னும் பொருளையே தந்தது.

தமிழில் கொம்பு என்பது மரக்கிளையையும் ஊதுகருவியையும் சுட்டுவதால், பின்னைய முறை மயக்கத்தைத் தவிர்க்கிறது. எனினும் இதனால் ஓர் இழப்பும் நேர்கிறது. சங்கீதம் 75, துன்மார்க்கரின் கொம்புகள் வெட்டப்படும், நீதிமானின் கொம்புகள் உயர்த்தப்படும் என்ற கருத்தை முன்வைக்கிறது. அங்குக் கொம்பு செருக்குக்கும் வலிமைக்கும் பொதுவான குறியீடாகும். செருக்குற்றவரைக் ‘கொம்பு முளைத்திருக்கிறதோ’ என வினவும் தமிழ் வழக்கும், கலித்தொகையின் ஏறுதழுவற் பாடல்களில் அச்சந்தரும் காளைக் கொம்பும் இக்குறியீட்டுக்கு அணுக்கமானவை.

ஆகவே, 1871-இன் சொல்லாட்சியைத் தமிழுக்கு அயலான நேர்பெயர்ப்பு என ஒதுக்குதல் பொருந்தாது. கொம்பைப் பாடத்தில் நிறுத்தி, அதன் பொருளை அடிக்குறிப்பில் விளக்குவது இரு நோக்கங்களையும் நிறைவேற்றும்.