அலுமாரிக் காசும் கொள்கை வட்டியும்

"நாங்க வட்டி எடுக்கிறதும் இல்ல, கொடுக்கிறதும் இல்ல, மத்திய வங்கி வீதத்தை ஏற்றினா எங்களுக்கென்ன சேர்?" என்று கிண்ணியாவில் என்னிடம் கேட்பவர்கள் உண்டு.

2021 செப்டம்பரில் ஒரு இலட்சம் ரூபாயை அலுமாரியில் வைத்தவரைப் பாருங்கள். அடுத்த செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த இலட்சத்தின் வாங்கும் சக்தி ஏறத்தாழ 59,000 ரூபாயாகிவிட்டது.

இதை அடக்கவே 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. திறைசேரி உண்டியல் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. அரசாங்கமே அவ்வளவு கொடுக்கும்போது, இலாபம் நிச்சயமில்லாத பங்கை யார் வாங்குவார்? கடனில் ஓடும் கம்பனிகளின் இலாபத்தையும் வட்டி தின்றது. ஜனவரியில் 13,000 புள்ளிகளைத் தாண்டியிருந்த கொழும்புப் பங்குச் சந்தைச் சுட்டெண், வருட முடிவில் 9,000க்கும் கீழே நின்றது. (வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென்ற ஏப்ரல் அறிவிப்புக்கும் இதில் பங்குண்டு.) 2023 ஜூனில் வீதங்கள் குறையத் தொடங்கின, 2024 டிசம்பரில் சுட்டெண் 15,000ஐயும் கடந்தது.

2023 செப்டம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம். விலை இறங்கிவிட்டதென்று பலர் விளங்கிக்கொள்கிறார்கள். இல்லை. 100 ரூபாய்ச் சாமான் 170 ஆகி, பிறகு 172இல் நிற்கிறது, அவ்வளவுதான். அலுமாரிக் காசு இழந்தது திரும்பவில்லை.