ஆமணக்கெண்ணெயில் ஓடிய பந்தயக் கார்கள்

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் மசகு எண்ணெய் என்றால் நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும், இன்னும் சுத்திகரிக்கப்படாத எண்ணெய் என்று பொருள். உலகச் சந்தையில் பீப்பா ஒன்றின் விலை ஏறியபோதும் இறங்கியபோதும் இச்சொல்லை நானும் பல தடவைகள் தலைப்பில் இட்டிருக்கிறேன். ஆனால் மசகு என்பதன் பழைய பொருள் வேறு. மாட்டு வண்டியின் அச்சு தேயாமலும் கீச்சிடாமலும் இருக்கப் பூசப்பட்ட மையே மசகு. வைக்கோற் சாம்பலை ஆமணக்கெண்ணெயிற் குழைத்து நம்மவர்கள் அதனைச் செய்தனர்.

இதே ஆமணக்கெண்ணெய்தான் ஒருகாலத்தில் ஐரோப்பாவின் பந்தயக் கார்களையும் முதலாம் உலகப் போரின் விமானங்களையும் ஓடவைத்தது என்பதைப் பலர் அறியார். ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் எந்த ஒயிலைத் தெரிவுசெய்வது என்ற இன்றைய கேள்விக்கும் அந்த வரலாற்றிலேதான் விடை இருக்கிறது.

சார்ள்ஸ் வேக்ஃபீல்ட் என்பவர் 1899இல் லண்டனில் உராய்வு நீக்கி எண்ணெய் விற்கும் கம்பனி ஒன்றை ஆரம்பித்தார். மோட்டார் காரும் விமானமும் அப்போதுதான் தலையெடுத்து வந்தன. அவற்றின் சூட்டையும் வேகத்தையும் தாங்கக்கூடிய எண்ணெயைத் தேடியவர்கள் கனிய எண்ணெயுடன் ஆமணக்கெண்ணெயைச் சேர்த்தனர். ஆங்கிலத்தில் ஆமணக்கெண்ணெய்க்குரிய காஸ்டர் ஒயில் என்ற பெயரிலிருந்து 1909இல் பிறந்ததே காஸ்ட்ரோல் என்ற வணிகப் பெயர். பின்னர் 1960இல் அக்கம்பனியே இப்பெயரைச் சூடிக்கொண்டது.

ஆமணக்கெண்ணெயின் சிறப்பு அதன் வேதியியலில் உள்ளது. அதன் மூலக்கூறுகள் உலோகத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. அழுத்தம் அதிகரித்து எண்ணெய்ப் படலம் நசுங்கும் வேளையிலும் உலோகம் உலோகத்தைத் தொடாமல் அவை காக்கின்றன. அத்துடன் அது பெற்றோலில் எளிதில் கரைவதில்லை. முதலாம் உலகப் போர்க்காலத்தில் பல விமானங்களில் இருந்த சுழல் எஞ்சின்களில் பெற்றோலும் காற்றும் கலந்த கலவை எஞ்சினின் அடிப்பகுதி ஊடாகவே சென்றது. கனிய எண்ணெயாக இருந்தால் பெற்றோல் அதனைக் கழுவிச் சென்றிருக்கும். ஆமணக்கெண்ணெய் நிலைத்து நின்றது. போரின் பிற்பகுதியில் அமெரிக்க அரசாங்கம் ஆசியாவிலிருந்து ஆமணக்கு விதைகளைத் தருவித்து, தன் நாட்டில் ஒரு இலட்சம் ஏக்கரளவில் பயிரிட முற்பட்டது. நமது பாட்டிமார் குடலைச் சுத்தம் செய்யக் கொடுத்த எண்ணெய் இவ்வாறு போர்த் தளபாடமாயிற்று.

ஆயினும் இந்த எண்ணெய்க்குப் பெருங்குறை ஒன்று இருந்தது. வெப்பத்தில் நீண்ட நேரம் இருந்தால் அது பிசின் போல இறுகி எஞ்சினுள் படிந்துவிடும். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னரும் எஞ்சினைக் கழற்றித் துடைப்பவருக்கு அது பொருட்டல்ல. நாள்தோறும் அலுவலகத்துக்குக் கார் ஓட்டுபவருக்கு அது உதவாது. எனவே வீதியில் ஓடும் கார்கள் கனிய எண்ணெயை நாடின. பந்தயக்காரர் ஆமணக்கெண்ணெயுடன் இருந்தனர். எது சிறந்தது என்று கேட்டிருந்தால் இருசாராரும் வெவ்வேறு விடை கூறியிருப்பர். இருவர் கூற்றும் சரியே.

கனிய எண்ணெய்க்கும் ஒரு சிக்கல் இருந்தது. குளிரில் தடிப்பாகவும் சூட்டில் நீர்போலவும் அது மாறிவிடும். அமெரிக்க மோட்டார் பொறியியலாளர் சங்கம் 1911இல் எண்ணெய்களைப் பாகுத்தன்மையின்படி வகுத்தது. அதனால் கோடைக்கு ஓர் எண்ணெய், குளிர்காலத்துக்கு வேறோர் எண்ணெய் என மாற்றும் வழக்கம் நிலவியது. நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைச் சேர்த்து இருபருவத்துக்கும் பொருந்தும் எண்ணெயைச் செய்தது பின்னர் வந்த முன்னேற்றம். 20டபிள்யூ-50 என்று தகரத்தில் காணப்படும் எண்களில் முன்னது குளிரிலும் பின்னது சூட்டிலும் எண்ணெய் நடந்துகொள்ளும் முறையைக் குறிக்கும்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி கார் 1959இல் வந்தபோது எண்ணெய்க்குப் புதிய சோதனை ஏற்பட்டது. இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு அவர் கியர்பொக்ஸை எஞ்சினின் அடியில் வைத்து, இரண்டையும் ஒரே எண்ணெயில் ஓடவிட்டார். கியரின் பற்சில்லுகளோ அந்த நீண்ட மூலக்கூறுகளைக் கத்தரித்தன. எண்ணெய் விரைவில் மெலிந்தது. அதனைத் தாங்கும் எண்ணெய்களைச் செய்ய வேண்டியதாயிற்று. டக்கம்ஸ் கம்பனியின் பச்சை நிற 20டபிள்யூ-50 எண்ணெய் பிரித்தானியாவில் பெயர் பெற்றது அக்காலத்திலேதான்.

இப்போது ஸ்போர்ட்ஸ் காருக்கு வருவோம். 1962 முதல் 1980 வரை 5 இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட எம்.ஜி.பி. கார் நல்ல உதாரணம். அதன் கியர்பொக்ஸுக்கும் எஞ்சின் ஒயிலையே தயாரிப்பாளர் விதித்தனர். மொறிஸ் மைனர் காருக்கும் இதே விதிதான். இதனைக் கேட்கும் பலர் வியப்படைவர். கியர் ஒயிலின் தகரத்தில் 90 என்று இருக்க, எஞ்சின் ஒயில் வெறும் 50தானே என்பது அவர்களின் வாதம். உண்மையில் இவை இருவேறு அளவுகோல்கள். கியர் ஒயிலின் 90 ஏறக்குறைய எஞ்சின் ஒயிலின் 40, 50 ஆகியவற்றின் தடிப்பையே கொண்டது.

வேறுபாடு தடிப்பில் அல்ல, சேர்மானத்தில். 1920களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பக்கார்ட் கார்களில் ஹைப்பொயிட் எனும் பற்சில்லு பின் அச்சில் இடம்பெற்றது. இதன் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று அழுத்தி வழுக்கவும் செய்யும். அதனைக் காக்கக் கந்தகமும் பொசுபரசும் சேர்ந்த கியர் ஒயில்கள் வந்தன. இன்று ஜி.எல்.5 என்று குறிக்கப்படுவது அவற்றில் வலிமையானது, ஜி.எல்.4 வகையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு சேர்மானம் அதில் உண்டு. எம்.ஜி.பி.யின் பின் அச்சுக்கு அத்தகைய கியர் ஒயிலே தேவை. அதே காரின் கியர்பொக்ஸிலோ கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் செப்புக் கலவை வளையங்கள் உள்ளன. சூடேறும்போது வீரியமான கந்தகச் சேர்மானம் அந்த உலோகத்தை அரிக்கக்கூடும். மேலும் அவ்வளையம் தன் வேலையைச் செய்ய உராய்வு வேண்டும். அளவுக்கு மீறி வழுக்கும் எண்ணெயில் அது பிடிக்காமல் நழுவும். கியர் மாற்றும்போது பற்கள் முட்டும். ஒரே காரில் ஓரிடத்தின் மருந்து மற்றோரிடத்தின் நஞ்சாகிறது.

எஞ்சினிலும் இதே கதைதான். பழைய எஞ்சின்களின் காம் தண்டு தட்டையான தப்பெட்மீது உரசி ஓடுவது. நாகமும் பொசுபரசும் கொண்ட ஒரு சேர்மானம் 1940களிலிருந்து அதனைக் காத்து வந்தது. 1975ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அமெரிக்கக் கார்களில் பரவலாகப் பொருத்தப்பட்ட ஊக்கி மாற்றிகளுக்கோ பொசுபரசு ஆகாது. ஆகவே அதன் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2004இல் வந்த தரவிதியில் மெல்லிய வகை எண்ணெய்களுக்கு 0.08 வீதம் உச்ச அளவாயிற்று. புதிய எஞ்சின்களுக்கு அது போதும். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் விலையுயர்ந்த மெல்லிய நவீன எண்ணெயை ஊற்றினால் காம் தண்டு விரைவில் தேயக்கூடும். மறுபுறம், இன்றைய இரட்டைக் கிளச் கியர்பொக்ஸில் கண்ட எண்ணெயையும் ஊற்ற இயலாது. போர்ஷேயின் ஏ40 போன்று தயாரிப்பாளர் தரும் அங்கீகாரக் குறியீடுகளைப் பார்த்தே எஞ்சின் ஒயிலும் வாங்க வேண்டியுள்ளது.

ஆமணக்கு என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். அது மறைந்துவிடவில்லை. ஜெட் எஞ்சின்கள் வந்தபோது அவற்றின் கடும் சூட்டுக்கு எஸ்டர் எனப்படும் செயற்கை எண்ணெய்கள் தேவைப்பட்டன. ஆரம்பகாலத்தவற்றுள் பல செபாசிக் அமிலத்திலிருந்து செய்யப்பட்டவை. அந்த அமிலம் பெறப்படுவதோ ஆமணக்கெண்ணெயிலிருந்து. இன்றைய பந்தய ஒயில்கள் சிலவற்றிலும் எஸ்டர் வகைகள் சேர்கின்றன. உலகில் ஆமணக்கை மிக அதிகமாக விளைவிக்கும் நாடு இந்தியாவே.

எண்ணெய் என்பது தரவரிசையில் மேலிருந்து கீழாக அடுக்கப்படும் பண்டமன்று. ஒவ்வொன்றும் தன் காலத்து இயந்திரம் ஒன்றுக்குக் கூறப்பட்ட விடை. ஆகையால் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் கடைக்காரரிடம் எது திறம் என்று கேட்கும் முன்னர், காருடன் வந்த கைந்நூலைத் திறந்து, அதன் உள்ளே ஓடும் உலோகம் எதுவென்று பார்ப்பது நன்று. உதிரிப்பாகங்கள் அருகிவரும் காலத்தில் தேய்ந்த ஒரு சிறு வளையத்துக்கு மாற்றுத் தேடுவது எண்ணெய் வாங்குவதைப்போல் எளிதன்று.