விண்ணப்பத்தில் ஒரு கட்டம்

சென்ற ஆண்டு இறுதியில் ஒரு மாலை, தேங்காய்த்திட்டில் எங்கள் எதிர்வீட்டுப் பையன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். தந்தை மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகின் பங்குதாரர். மகனுக்கு அமெரிக்காவில் உதவித்தொகையோடு படிக்க ஆசை. அங்குள்ள பல கல்லூரிகளுக்கும் பொதுவானதொரு இணைய விண்ணப்பம் இருக்கிறது. அதில் பாடஞ்சாராச் செயல்பாடுகளுக்கென்று பத்துக் கட்டங்கள். ஒவ்வொன்றையும் 150 எழுத்துகளுக்குள் விவரிக்க வேண்டும். எழுத்து என்றால் சொல்லன்று, இடைவெளியையும் சேர்த்து எண்ணும் எழுத்து. பள்ளிக் கபடி அணி, நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என இரண்டை நிரப்பிவிட்டு அவன் நின்றிருந்தான்.

"சார், மீன்பிடித் தடைக்காலத்துல அப்பாவோட போட்டுல வேலை செய்யறேனே, அதை எழுதலாமா? சிரிப்பாங்களா?"

உடனே விடை சொல்ல இயலவில்லை. இந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் ஊருக்கு இது அந்நியமான வழக்கம். நெப்போலியன் 1808இல் நிலைநாட்டிய பக்கலோரெயா முறையில் தேர்வே கதவு. தேறியவன் பல்கலைக்கழகத்துள் நுழையலாம். அவன் பந்தாடினானா, மேடையேறினானா என்று அக்காலத்தில் எவரும் கேட்டதில்லை. கேட்கும் வழக்கம் ஆங்கிலம் பேசும் உலகினுடையது. 1902இல் மறைந்த செசில் ரோட்ஸ் தம் உயிலில், உதவித்தொகை பெறுவோர் வெறும் புத்தகப் புழுக்களாக இருத்தலாகாது என்று கருதி, ஆடுகளத் திறனையும் தலைமைப் பண்பையும் அளவுகோல்களாக வைத்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அமெரிக்காவில் இந்த அளவுகோல் என்ன வேலை செய்தது என்பதைக் காணும்போது மனம் கசக்கிறது. 1922இல் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதர். பெரும்பாலோர் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று வந்த புலம்பெயர்ந்தோர் வீட்டுப் பிள்ளைகள். பல்கலைக்கழகத் தலைவர் லோவெல் அவர்களுக்கு ஓர் உச்சவரம்பு வைக்க விரும்பினார். வெளிப்படையான வரம்பு எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 1926இல் வந்த புதிய விதி மதிப்பெண்ணோடு 'குணநலன்', 'ஆளுமை' ஆகியவற்றையும் எடைபோட்டது. விண்ணப்பத்தோடு புகைப்படமும் கேட்டது. அடுத்த சில ஆண்டுகளில் யூத மாணவர் தொகை வெகுவாகக் குறைந்தது. மதிப்பெண் செய்ய மறுத்ததைக் குணநலன் செய்து கொடுத்தது எனலாம்.

இந்தியாவுக்கு இக்கட்டம் வந்த வழி வேறு. 1948இல் தேசிய மாணவர் படைச் சட்டம் நிறைவேறியது. 1962 சீனப் போருக்குப் பின், 1963இல் கல்லூரி மாணவர்க்கு அப்பயிற்சி கட்டாயமாயிற்று. 1968 வரை அந்நிலை நீடித்தது. 1969இல், காந்தி நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. சீருடையும் சேவையும் சான்றிதழ்களாக மாறின. சான்றிதழ் என்று ஒன்று பிறந்துவிட்டால் அதற்கு மதிப்பெண் கேட்பதும் இயல்புதானே?

அக்காலத்து மைசூர் அரசு பொறியியல், மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு நேர்காணல் வைத்தது. பொது அறிவு, ஆளுமை இவற்றோடு மாணவர் படைப் பயிற்சிக்கும், விளையாட்டு, சமூக சேவை, சொற்போர், நாடகம் ஆகியவற்றுக்கும் அதில் இடமிருந்தது. சித்ரலேகா வழக்கில் 1964 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இம்முறையை ஏற்றது. தேர்வு மட்டுமே திறமையின் அளவன்று என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து.

நமக்கு மிக அருகில் நடந்தது 1970ஆம் ஆண்டுக் கதை. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் சேர்க்கையில் நேர்காணலுக்கு மட்டும் 75 மதிப்பெண். பாட மதிப்பெண் 200. நேர்காணலின் தலைப்புகள் ஐந்து: விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை; பாடஞ்சாராச் சிறப்புச் சேவைகள்; உடல்நிலையும் தாங்கும் ஆற்றலும்; பொதுத்திறன்; நாட்டம். ஒரு மதிப்பெண் வேறுபாட்டில் தலைவிதி மாறும் சேர்க்கையில் 75 என்பது எத்தகைய கடல் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இடம் கிடைக்காத மாணவர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அவ்வழக்கில் வெளிப்பட்ட செய்தி விந்தையானது. தேர்வுக் குழுக்கள் அந்த ஐந்து தலைப்புகளுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடவே இல்லை. 75க்கு இவ்வளவு என்று மொத்தமாகப் போட்டுவிட்டன. பையன் ஓடினானா, முகாமுக்குப் போனானா, உடல் வலுவுள்ளவனா என்று எதற்கும் தனிக் கணக்கில்லை. படிவத்தில் ஐந்து கட்டங்கள். நடைமுறையில் ஒரே கட்டம், அதற்குப் பெயரும் கிடையாது. 1970 செப்டம்பரில் தீர்ப்பளித்த நீதிமன்றம் இதைச் சட்டவிரோதம் என்றது. 75 என்பது அதிகம், அரசு மறுபரிசீலனை செய்வது நன்று என்றும் சொன்னது. ஆயினும் அவ்வளவு வைக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று கூற மறுத்தது. பாதிக் கதவைத் திறந்து வைத்த தீர்ப்பு என்பது என் கருத்து.

மீதிக் கதவு திறக்கப் பத்தாண்டுகள் ஆயின. ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியற் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, வாய்மொழித் தேர்வுக்கு 50. அந்த ஐம்பதில் பாடஞ்சாராச் செயல்பாடுகளுக்குப் பத்து. ஒரு மாணவனிடம் பேசியதோ இரண்டு, மூன்று நிமிடம். கேட்கப்பட்டவை பெற்றோர் யார், வீடு எங்கே என்பன போன்ற கேள்விகள் என்று மாணவர்கள் முறையிட்டனர். இரண்டு நிமிடத்தில் ஒருவனுடைய நாடகத் திறனை அளப்பது எங்ஙனம்? அவன் தகப்பன் யார் என்று அறிவதற்கு வேண்டுமானால் அது தாராளமான நேரம். அஜய் ஹாசியா வழக்கில் 1980 நவம்பரில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, வாய்மொழித் தேர்வுக்கு மொத்தத்தில் 15 விழுக்காட்டிற்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று வரையறுத்தது. நேர்காணலை ஒலிநாடாவில் பதிவு செய்யலாம் என்ற யோசனையும் அதில் உண்டு.

தமிழ்நாட்டில் 1984 முதல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதுவும் போய், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் நின்றது. பின்னர் மருத்துவத்துக்கு நீட் வந்தது. புதுச்சேரியில் சென்டாக் வழியே சேர்க்கை. அதில் விளையாட்டு வீரர், விடுதலைப் போராட்ட வீரர் வாரிசு, முன்னாள் படைவீரர் பிள்ளை ஆகியோருக்குத் தனி ஒதுக்கீடுகள் உண்டு. மற்றவர்க்கு அந்தக் கட்டம் மறைந்துவிட்டது.

அது மறைந்ததற்காக நான் வருந்துபவன் அல்லன். மதிப்பெண்ணும் முழு நீதியன்று. தனிப்பயிற்சிக்குப் பணமுள்ளவன் அங்கும் முந்துவான். எனினும் எண்ணைத் திருத்தக் கேட்கலாம், மறுகூட்டல் கோரலாம், வழக்குத் தொடுக்கலாம். 'ஆளுமை'க்கு மறுகூட்டல் ஏது? மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் வந்து கல்லூரி வாசலில் நின்ற முதல் தலைமுறைக்குச் சொற்போர் மேடையோ டென்னிஸ் மட்டையோ வாய்த்ததில்லை. வாய்த்த வேலைகளுக்குச் சான்றிதழ் தருவார் இல்லை.

இவ்வளவையும் பையனிடம் சொல்லவில்லை. அவனுக்கு அன்றிரவே படிவத்தை முடித்தாக வேண்டும். அப்படிவத்தின் செயல்பாட்டு வகைப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தோம். தடகளம், இசை, நடனம், விவாதம், மாணவர் அரசு என்று நீண்ட பட்டியலில் ஊதியம் பெறும் வேலை என்றும், குடும்பப் பொறுப்புகள் என்றும் இரு வகைகள் இருந்தன. ஹார்வர்டின் பழைய விதியைப் படித்துக் கசந்திருந்த எனக்கு இது வியப்பே.

அதன் பின் எழுதினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கரையேறும், அடிப்பலகை சுரண்டி வண்ணம் பூசுவார்கள், வலை செப்பனிடுவார்கள். எட்டாம் வகுப்பு முதல் அவன் இவற்றில் நிற்கிறான். மற்ற மாதங்களில் விடுமுறை நாள்களில் ஏலக் கணக்கு எழுதுகிறான். ஐஸுக்கும் டீசலுக்கும் ஆன செலவு கழித்துப் பங்கு பிரிப்பது அவன் பொறுப்பு. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று படிவம் கேட்டது. அவன் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, "இதையெல்லாம் யாரும் கணக்கு வெச்சதில்ல சார்" என்றான்.

முதலில் எழுதியது 212 எழுத்துகள் வந்தது. 62 எழுத்துகளைக் குறைக்க அரைமணி ஆயிற்று. வண்ணம் பூசுவதை எடுத்தோம்; ஏலக் கணக்கை வைத்துக்கொண்டோம். பட்டியலில் கபடியை இரண்டாம் இடத்துக்கு இறக்கி, இதை முதலில் வைத்தான்.