வாசிப்புக் கருவியும் வாசகனும்: மின்னூல் வரலாற்றில் ஒரு நோக்கு

நூலின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அதனை எழுதியவரையும் அச்சிட்டவரையும் பற்றியே பேசுவர். வாசகன் கைக்கு அது எவ்வாறு சென்றடைந்தது என்னும் வினா பின்தள்ளப்பட்டு விடுவதுண்டு. அச்சு நூலைப் பொறுத்தவரை இதனைப் பெருங்குறை எனக் கூறமுடியாது. நூலைப் பெற்றவனுக்கு அதனைத் திறப்பதற்கு வேறொரு கருவி வேண்டியதில்லை. மின்னூலின் நிலை அவ்வாறன்று. அது கருவியின்றிக் கண்ணுக்குப் புலப்படாதது. ஆதலின் எக்கருவியில் வாசிப்பது என்னும் வினா, யார் வாசிக்கலாம் என்னும் வினாவாகவும் மாறிவிடுகின்றது. பதிப்பகத்தின் துணையின்றித் தாமே நூல் வெளியிடும் எழுத்தாளர்க்கு இவ்வினா உயிர்ப் பிரச்சினையாகும்.

மின்னூலின் தொடக்கம் தனிக் கருவியோடு தொடர்புடையதன்று. 1971 யூலை 4 ஆம் திகதி இலினோய் பல்கலைக்கழக மாணவரான மைக்கல் ஹார்ட் ஐக்கிய அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தை அங்கிருந்த பெருங்கணினியிற் பதிந்தார். குட்டன்பேர்க் திட்டம் இதிலிருந்தே வளர்ந்தது. அலங்காரமற்ற வெறும் எழுத்துருக் கோப்பையே ஹார்ட் பெரிதும் விரும்பினார். எந்தக் கணினியும், எத்துணைப் பழையதாயினும், அதனைத் திறக்கவல்லது என்பதே காரணமாகும். எளிமையான வடிவமே பரந்த வாசகர் கூட்டத்தைத் தரும் என்னும் கொள்கை இவ்வாறு தொடக்கத்திலேயே வேரூன்றியது.

அடுத்த கட்டத்தில் இக்கொள்கைக்கு எதிரான போக்கொன்று தலைதூக்கியது. 1998 இல் ரொக்கற் இ-புக், சொவ்ற்புக் ஆகிய வாசிப்புக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. அவை நிலைக்கவில்லை. 2007 நவம்பர் 19 ஆம் திகதி அமேசான் நிறுவனம் கிண்டில் கருவியை 399 டொலர் விலையில் வெளியிட்டது. எழுத்தாளர் தம் நூலைத் தாமே ஏற்றி விற்பதற்கான தளத்தையும் அதனுடன் திறந்துவிட்டது. எழுதுவோனுக்கு வாயில் திறந்தது. ஆனால் வாசிப்போன் முதலில் 399 டொலர் செலுத்த வேண்டியிருந்தது. தற்பதிப்பு மின்னூலின் அடிப்படை முரண்பாடு இதுவேயாகும். பதிப்பகம் என்ற காவலனைக் கடந்து வந்த எழுத்தாளன், கருவி என்ற புதிய காவலன் முன் நின்றான்.

இதே காலத்தில் யப்பான் வேறொரு வழியைக் காட்டியிருந்தது. அங்கு இளைஞர், குறிப்பாக இளம்பெண்கள், கையடக்கத் தொலைபேசியிலேயே நாவல்களை எழுதினர். வாசகரும் தொலைபேசியிலேயே அவற்றைப் படித்தனர். மிகா என்னும் புனைபெயரில் ஒருவர் இவ்வாறு எழுதிய ‘கொய்சொரா’ என்னும் நாவல் 2006 இல் அச்சு நூலாகி, 2007 இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. 2007 இல் யப்பானில் மிகுதியாக விற்ற பத்து நாவல்களுள் ஐந்து தொலைபேசி நாவல்களாகத் தோன்றியவை. இங்கு வாசகர் புதிய கருவி எதனையும் வாங்கவில்லை. அவர் கையில் ஏற்கெனவே இருந்த கருவியைத் தேடி இலக்கியமே சென்றது.

மேலை நாடுகளில் இம்மாற்றம் மூன்று வழிகளில் நிகழ்ந்தது. முதலாவது, பொது வடிவம். 2007 இல் நியமமாக ஏற்கப்பட்ட ஈபப் வடிவம் திரையின் அகலத்திற்கேற்ப வரிகளை மாற்றியமைக்க வல்லது. பக்கம் நிலையாயிருக்கும் பிடிஎப் கோப்பு சிறிய திரையில் வாசகனை வருத்தும். ஈபப் அவ்வாறு வருத்துவதில்லை. இரண்டாவது, வடிவமாற்றம். சோனியின் வாசிப்புக் கருவி லினக்ஸ் கணினியோடு இயங்காமையால் கோவிட் கோயல் 2006 இல் எழுதத் தொடங்கிய மென்பொருளே பின்னர் ‘கலிபர்’ எனப் பெயர்பெற்றது. ஒரு வடிவிலுள்ள நூலை மற்றொரு வடிவுக்கு மாற்றவும், கணினித் திரையிலேயே வாசிக்கவும் அது இலவசமாக வழிசெய்தது. 2008 இல் மார்க் கோக்கர் தொடங்கிய ஸ்மாஷ்வேர்ட்ஸ், எழுத்தாளர் தரும் ஒரே ஆவணத்தைப் பல வடிவங்களாக்கிப் பூட்டின்றி வழங்கியது. மூன்றாவது, செயலி. அமேசானே 2009 மார்ச்சில் ஐபோனுக்கும், அதே ஆண்டு நவம்பரில் கணினிக்கும் கிண்டில் செயலிகளை இலவசமாக வெளியிட்டது. கருவியை விற்ற நிறுவனமே கருவியின்றி வாசிக்க வழிவகுத்தமை கருவி மட்டும் போதாது என்பதற்குச் சான்றாகும்.

எனினும் திறந்த கோப்பு மட்டும் போதுமானதா என்பதும் சிந்தித்தற்குரியது. அன்டி வெயர் தமது ‘த மார்ஷன்’ நாவலைத் தம் இணையத்தளத்தில் தொடராக இலவசமாகவே வெளியிட்டார். வாசகர் கேட்டபோது மின்னூற் கோப்புகளையும் அங்கு வைத்தார். கோப்பினைக் கருவியில் ஏற்றும் முறை அறியாத வாசகர் சிலர் அமேசானில் தருமாறு வேண்டினர். அங்கு இலவசமாகத் தர இயலாமையால் மிகக் குறைந்த விலையான 99 சதத்திற்கு அவர் வெளியிட்டார். இலவசமாகப் பெற்றோரிலும் பணங்கொடுத்துப் பெற்றோரே மிகுதி என்பதை அவரே பின்னர் கூறியுள்ளார். 2014 இல் பெரும் பதிப்பகமொன்று அந்நாவலை வெளியிட்டது. 2015 இல் அது திரைப்படமாயிற்று. இவ்வரலாறு உணர்த்துவது யாது? வாசகனைத் தடுத்தது விலையன்று, வழி தெரியாமையே. எவ்வாறு திறப்பது என விளக்கும் ஒரு பக்கக் குறிப்பும் நூலின் பகுதியேயாகும்.

வசதிக்கு ஒரு விலையும் உண்டு. 2009 யூலையில், உரிமையற்ற ஒருவர் விற்ற ஜோர்ஜ் ஓர்வெலின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகியவற்றின் பிரதிகளை அமேசான் வாசகரின் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கோரினார். ஆயினும், வாங்கிய நூல் வாங்கியவனுடையது தானா என்னும் ஐயம் எழுந்தது. தன் கணினியில் சேமித்த பூட்டற்ற கோப்பை இவ்வாறு எவரும் மீளப்பெற முடியாது.

தமிழுக்கு இப்பிரச்சினையில் மேலும் ஒரு படி உண்டு. கருவி கிடைத்தாலும் எழுத்துரு இல்லையேல் எழுத்துகள் சிதைந்து தோன்றும். 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலில் திஸ்கி குறியீட்டையும் பின்னர் ஒருங்குறியையும் கையாண்டது இதனாலேயாகும். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களைப் பிடிஎப் கோப்புகளாக்கி, சாதாரண கணினி உள்ள எவரும் வாசிக்கச் செய்தது. 2013 இல் தோன்றிய இலவசத் தமிழ் மின்னூல் தளம் எழுத்தாளர் மனமுவந்து அளிக்கும் நூல்களை ஈபப், மொபி என்பவற்றோடு, பெரிய தாளுக்கும் ஆறு அங்குலத் திரைக்கும் ஏற்ற பிடிஎப் வடிவங்களிலும் வழங்கியது. சொந்தப் பணத்தில் நூலை அச்சிட்டு, விற்காத பிரதிகளை வீட்டில் அடுக்கி வைக்கும் நிலை நம் எழுத்தாளர்க்குப் புதிதன்று. அன்னோர்க்கு இம்முயற்சிகள் காட்டும் வழி பெறுமதி வாய்ந்தது.

தொகுத்து நோக்குமிடத்து, வாசகனைக் கருவியிடம் வருமாறு அழைத்த முயற்சிகள் குறுகிய வட்டத்துள் நின்றன. அவன் கையிலிருந்த கருவியை நாடிச் சென்றவையே பரவின. அச்சியந்திரம் எழுதுவோனுக்கு வாயில் திறந்ததைப் போன்று, பொது வடிவமும் பூட்டின்மையும் எளிய வழிகாட்டலும் வாசிப்போனுக்கு வாயில் திறக்கின்றன. அவ்வாயில் திறவாதவரை, தற்பதிப்பு என்பது எழுதியவனின் சுதந்திரமாக மட்டுமே எஞ்சும்.