தமனகன் ஏன் ஜெயிக்கக் கூடாது? விலங்கு கார்ட்டூன்களின் கதை இலக்கணம்

சேத்தியாத்தோப்புல இருந்து பேசுறேன். இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் பார்க்கச் சின்னதாத் தெரியும்: பிள்ளைங்க டிவியில பார்க்குற விலங்கு கார்ட்டூன்.

நாலு தொடர் பார்த்தாலே அதுக்குன்னு ஒரு இலக்கணம் இருக்கிறது புரிஞ்சிடும். சிங்கம்னா ராஜா, நரின்னா தந்திரம், கழுதைன்னா மக்கு. வில்லன் திட்டம் போடுவான், தோத்துப் போவான், ஆனா சாக மாட்டான். அடுத்த வாரம் அதே வில்லன் புதுத் திட்டத்தோட வருவான். முடியிற நேரத்துல யாராவது ஒரு பாடம் சொல்லுவாங்க. இந்த விதிகளை எல்லாம் யார் போட்டது? ஏன் போட்டாங்க? அதுதான் இன்னைக்குக் கேள்வி.

முதல்ல பஞ்சதந்திரத்துக்குப் போவோம். அதோட முதல் தந்திரம் மித்திரபேதம், அதாவது நண்பர்களைப் பிரிப்பது. பிங்கலன்னு ஒரு சிங்க ராஜா, சஞ்சீவகன்னு ஒரு காளை. ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கிறது தமனகன் என்கிற நரி. நட்பு முத்திப் போய்த் தனக்கு மரியாதை குறைஞ்சதும், ரெண்டு பக்கமும் கோள் சொல்லிச் சண்டை மூட்டி விடுறதும் அதே தமனகன்தான். கரடகன் என்கிற இன்னொரு நரி 'வேண்டாம்'னு எச்சரிக்கிறான், கேட்கல. சிங்கம் காளையைக் கொன்னுடுது. தமனகன் மந்திரியாகிறான். அவ்வளவுதான், கதை முடிஞ்சது.

கவனிச்சீங்களா? வில்லன் ஜெயிக்கிறான். தண்டனையே இல்லை.

இந்தக் கதைகள் 6ஆம் நூற்றாண்டுல பாரசீகத்துக்குப் போயி, 8ஆம் நூற்றாண்டுல இப்னு அல் முகஃபா கையில அரபு மொழிக்கு வருது. கரடகன், தமனகன் என்ற பேர்தான் அங்கே 'கலீலா, திம்னா'ன்னு மாறுது. அரபு நூல்ல நம்ம மூலத்துல இல்லாத ஒரு அத்தியாயம் இருக்கு. திம்னாவைப் பிடிச்சு, விசாரணை நடத்தி, தண்டனை கொடுக்கிறாங்க. அதை இப்னு அல் முகஃபாவே சேர்த்திருக்கணும்னு ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுறாங்க. குற்றவாளி தப்பிச்சுப் போறதை அவரால ஏத்துக்க முடியல போல. 'வில்லன் தோத்தே ஆகணும்' என்கிற விதியை இன்னைக்கு டிவிக்காரங்க கண்டுபிடிச்சதா நினைக்கிறோம். அதுக்கு 1,200 வருஷத்துக்கு மேல வயசு.

தமிழ் உரைநடைக்குப் பஞ்சதந்திரம் வந்தது 1826ல. சென்னைக் கல்விச் சங்கத்துல தமிழ்ப் புலவரா இருந்த தாண்டவராய முதலியார் மராத்தியில இருந்து மொழிபெயர்த்தார். ஆங்கில அதிகாரிகள் தமிழ் படிக்கவும் பாடப் புத்தகம் தேவைப்பட்ட காலம் அது. மூலத்திலேயே இந்தக் கதைகள் அரச குமாரர்களுக்கு ராஜநீதி சொல்லித்தரத்தான் எழுதப்பட்டது. பள்ளிக்கூடத்துக்குள்ள நுழைஞ்சதும் அரசியல் மங்கி, 'நீதி' மட்டும் முன்னால வந்து உட்கார்ந்துக்கிச்சு. கார்ட்டூன் முடிவுல வர்ற பாடத்துக்கு நம்ம ஊர்ல இதுதான் பழைய முன்மாதிரி.

அதே நேரத்துல மக்கள் வாய்க்கதை வேற வழியில போச்சு. பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கங்க. ஈசாப் கதையில காக்கா வாயில இருந்தது பாலாடைக்கட்டி. நம்ம ஊருக்கு வந்ததும் வடையாயிடுச்சு. ஜாதகக் கதையிலயும் ஒரு காக்காவும் நரியும் உண்டு. அதுல காக்கா புகழ்ச்சிக்கு மயங்கி நாவல் பழத்தை உலுக்கிப் போடும், நரி தின்னும், மரத்துல இருக்கிற தேவதை ரெண்டையும் விரட்டி விடும். நம்ம பிள்ளைங்க இன்னும் ஒரு படி மேல போயிட்டாங்க: காக்கா வடையைக் காலடியில வச்சுக்கிட்டுத்தான் பாடும். கதை சொல்றவர் கையில முடிவு இருந்த காலம் அது. டிவியில அந்த வசதி கிடையாது.

இந்தியாவுல அனிமேஷன் தொடங்கினதும் இந்தப் பழைய பெட்டியைத்தான் திறந்தாங்க. டிஸ்னியில வேலை செய்த கிளேர் வீக்ஸ் 1956ல பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து கார்ட்டூன் பிரிவுல நம்மாட்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அங்கே உருவான 'தி பான்யன் டீர்' 1957ல வந்தது. கதை ஜாதகக் கதை: கர்ப்பமா இருக்கிற ஒரு மானுக்குப் பதிலா மான்களின் தலைவன் தானே வெட்டுப்பலகையில போய்த் தலை வைக்கும். அதைப் பார்த்து ராஜா மனசு மாறுவார். இங்கே சாவு நிஜமாவே எதிர்ல நிக்குது. அது இருக்கிறதாலதான் அந்த மான் ஹீரோ.

சரியா அதே 1957ல அமெரிக்காவுல கதை வேற பக்கம் திரும்பிச்சு. டாம் அண்ட் ஜெர்ரி எடுத்த எம்.ஜி.எம். கார்ட்டூன் பிரிவை மூடிட்டாங்க. வேலை போன ஹன்னாவும் பார்பெராவும் டிவிக்கு வந்தாங்க. டிவி கொடுத்த பணம் சினிமாவுல கிடைச்சதுல பத்துல ஒரு பங்கு கூட இல்லை. அதனால படங்களைக் குறைச்சாங்க. 1958ல வந்த ஹக்கிள்பெரி ஹவுண்ட் தொடர்ல யோகி கரடி கழுத்துல காலரும் டையும் இருக்கும். அழகுக்குன்னு நினைப்போம். காரணம் வேற: கழுத்துல ஒரு கோடு இருந்தா உடம்பை அப்படியே நிறுத்திட்டுத் தலையை மட்டும் மாத்தி வரையலாம். ஓடும்போது அதே மரம் திரும்பத் திரும்ப வர்றதும் இந்தச் சிக்கனம்தான். அசைவு குறைஞ்ச இடத்தைப் பேச்சு நிரப்பிச்சு. ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு குரல், ஒரு பஞ்ச் வசனம்னு ஆச்சு.

எங்க பக்கத்து ஊர் விருத்தாசலத்துல பீங்கான் பொம்மை செய்யிறதைப் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுல களிமண் குழம்பை ஊத்துவாங்க. அச்சு தண்ணியை உறிஞ்சும், ஓரத்துல ஒரு தோல் மாதிரி படியும், மிச்சக் குழம்பைக் கவிழ்த்துடுவாங்க. அப்புறம் காய வச்சு, சூளையில சுட்டு, வர்ணம். அச்சு ஒண்ணுதான், வர்ணம் மட்டும் மாறும். வாராவாரம் வர்ற தொடரும் அப்படித்தான். வில்லன் செத்துட்டா அச்சு உடைஞ்ச மாதிரி. அவன் பிழைச்சிருக்கிறது கருணையால இல்ல, தயாரிப்புச் செலவால.

நம்ம வீட்டுக்குள்ள இது வந்தது தூர்தர்ஷன் வழியா. ஜப்பான்காரங்க 1989ல 52 பகுதியா எடுத்த ஜங்கிள் புக், தொண்ணூறுகள்ல ஞாயித்துக்கிழமை இந்தியில வந்துச்சு. ஒரு வார்த்தை இந்தி தெரியாத பிள்ளைங்களும் ஷேர்கான் குரல் கேட்டதும் பயந்தாங்க. அச்சு ஒண்ணா இருக்கிறதோட லாபம் அது, மொழி தெரியாமலே கதை புரியும். 2007ல சுட்டி டிவி வந்தப்போ வெளிநாட்டு விலங்குகள் தமிழ் பேச ஆரம்பிச்சது. பெரிய சந்தோஷம்தான். ஆனா ஒண்ணு என் காதுல உறுத்திக்கிட்டே இருக்கு. இப்படி டப்பிங் ஆகுற தொடர்கள்ல ஹீரோ பேசுறது பெரும்பாலும் ஊர் பேர் தெரியாத துப்புரவான தமிழ். மெட்ராஸ் பாஷையும் மதுரைப் பேச்சும் கோவைப் பேச்சும் கூடவர்ற கோமாளிக்கோ அடியாளுக்கோ போயிடும். எங்க நடுநாட்டுப் பேச்சுக்கு அந்த இடம் கூட இல்லை. எந்தக் குரல்ல பேசினா ஹீரோ, எந்தக் குரல்ல பேசினா சிரிக்கலாம்னு அஞ்சு வயசுலயே பிள்ளை கத்துக்குது. எந்த எபிசோடும் வாய்விட்டுச் சொல்லாத பாடம் இது.

உருவத்துலயும் இதேதான். இங்கே கரும்புக் கொல்லைக்குத் தெரிஞ்ச நரி குள்ளநரி, பழுப்பும் சாம்பலும் கலந்தது. தமனகனும் குள்ளநரிதான். பிள்ளைங்களை நரி வரையச் சொல்லுங்க, ஆரஞ்சு நிறத்துல வெள்ளை வால்நுனியோட ஐரோப்பிய நரி வரும்.

கடைசியா பொம்மை விஷயம். முன்னே கதை முதல்ல வரும், பொம்மை பின்னால வரும். 1983ல ஹீ-மேன் தொடர் வந்தப்போ மேட்டல் கம்பெனியோட பொம்மை ஏற்கெனவே கடையில இருந்துச்சு. 2013ல தொடங்கின பா பெட்ரோல் தொடரைத் தயாரிக்கிறது ஸ்பின் மாஸ்டர், அடிப்படையில பொம்மைக் கம்பெனி. ஒவ்வொரு நாய்க்குட்டிக்கும் தனி வண்டி, தனி உடுப்பு, தனி வேலை. அது கதைக்கும் தேவை, கடை அலமாரிக்கும் தேவை.

இதனால கார்ட்டூனை நிறுத்துங்கன்னு சொல்ல வரல. அடிவாங்கின வில்லன் எழுந்து வர்றதுல சின்னப் பிள்ளைக்கு ஒரு தைரியம் இருக்கு, எதுவும் ஒரேயடியா முடிஞ்சு போயிடாதுன்னு. ஆனா கோள் சொல்றவன் சில நேரம் மந்திரியாவே ஆயிடுவான்னும் பிள்ளை தெரிஞ்சுக்கணும். அதைச் சொல்ல எந்தத் தொடருக்கும் லாபம் இல்லை. பிங்கலன் காதுல தமனகன் என்ன சொன்னான், அதை ஏன் சிங்கம் நம்பிச்சுன்னு யோசிக்க வைக்கிற கதை அது. டிவி சொல்லாத அந்த முடிவை வீட்டுல நாமதான் சொல்லணும். திம்னாவுக்குத் தண்டனை வேணும்னு பிள்ளை அடம் பிடிச்சா இன்னும் நல்லது. அந்த அத்தியாயத்தை அவங்களே சேர்த்துக்கட்டும்.

உங்க வீட்டுல வடைக் கதை எப்படி முடியுதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.