லேபர் ஆபீசர் வேலை வந்த கதை

நம் குடியிருப்பில் எச்.ஆர். வேலை பார்ப்பவர்கள் பலர். ஓய்வு பெற்ற ஒருவரும் இருக்கிறார். பி.எல். படித்து, ஆலையில் லேபர் ஆபீசராகி, கடைசிப் பத்தாண்டு கல்லூரியில் பாடம் நடத்தியவர். செய்திமடலுக்காகக் கேட்டபோது, "என் பேர் வேண்டாம் சார், அந்த வேலை எப்படி வந்ததுன்னு எழுதுங்க" என்றார்.

அது தொடங்கிய இடங்களில் நம் பெரம்பூரும் ஒன்று. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்நின்றார்கள், பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க.வும் உடன் நின்றார். 1920-ல் பின்னி கம்பெனி உயர் நீதிமன்றம் போய் வாடியா மீது தடையுத்தரவு வாங்கியது. வேலை ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டினார் என்பது வழக்கு. சங்கத் தலைவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லாத காலம். 1926-ம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம்தான் அதைக் கொடுத்தது.

அப்போது ஆள் எடுப்பது, நீக்குவது எல்லாம் மேஸ்திரி கையில். வேலைக்கும் மாமூல், லீவுக்கும் மாமூல். அந்த அதிகாரத்தை லேபர் ஆபீசரிடம் கொடுங்கள் என்று 1931-ல் விட்லி கமிஷன் சொன்னது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது.

அவர்களுக்குப் பாடம் சொல்லித்தர இடம் வேண்டுமே! பம்பாயில் 1936-ல் தொடங்கிய டாடா நிறுவனமும், இங்கே 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கும் சமூகப்பணிக் கல்லூரிகள். இன்று எம்.பி.ஏ.வில் படிப்பதை அன்று சமூகப்பணியாகப் படித்தார்கள் என்பது எனக்கே புதுச் செய்தி.

பி.எல். எதற்கு? 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, சமரசப் பேச்சில் வக்கீல் ஆஜராக முடியாது என்று இருந்தது. லேபர் கோர்ட்டிலும் எதிர்த்தரப்பு சம்மதிக்க வேண்டியிருந்தது, கோர்ட்டும் அனுமதிக்க வேண்டியிருந்தது. அதனால் சட்டம் தெரிந்தவரையே கம்பெனிகள் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டன. முழுநேரச் சம்பளம் வாங்கினால் வக்கீல் தொழில் செய்யக் கூடாது. நம்மவரும் கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் ஆலைக்குள் போனார்.

கல்லூரியில் ஆண்டுதோறும் முதல் வகுப்பில் அவர் எடுத்தது, தாம் தோற்ற வழக்கு. ஒரு தொழிலாளி மீதான விசாரணையை இவர்தான் நடத்தினார். குற்றப்பத்திரிகை இங்கிலீஷில் இருந்தது. அதைத் தமிழில் விளக்கவில்லை. வேலைநீக்கம் செல்லாது என்று லேபர் கோர்ட் தீர்ப்பளித்தது.

"நாலு வருஷம் கழிச்சு, பழைய சம்பளத்தோட திரும்பி வந்தார். நேரா என் மேஜைக்கு வந்து வணக்கம் வச்சார். எழுந்திருக்கணும்னு எனக்குத் தோணலை சார்" என்றார்.

மாலை ஆறு மணிக்குமேல் பூங்கா பெஞ்சில் இருப்பார். எச்.ஆர். பிள்ளைகள் போய்ப் பேசலாம். கேட்டால் அந்தத் தீர்ப்பின் நகலையும் காட்டுவார்.